வல்லாரை தின்னா கால் கனமும் தொடைக் குழியும் போவுமா?

போன வாரம் குழித்துறை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. வயசு 38, பாறசாலையில ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நிக்கிறாங்க, காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி எட்டு வரைக்கும் நிப்பு தான். சாயந்தரம் ஆனா காலு கல்லைக் கட்டி விட்ட மாதிரி கனக்குது, கொலுசு பதிஞ்சு தடம் விழுது, அதுபோக தொடையில தோலு நார்த்தங்காய் மாதிரி குழி குழியா கெடக்கு. கல்ஃப்ல இருக்குற நாத்தனார் வல்லாரை கேப்சூலும் ஒரு ஜெல்லும் கொடுத்து விட்டிருக்காங்க, ரத்த ஓட்டம் கூடும் செல்லுலைட் கரையும்னு. இது நம்ம ஏலா (வயல்) வரப்புல சும்மா மொளைக்குற செடி தானே டாக்டரம்மா, அதையே அரைச்சு தின்னா ஆவாதான்னு கேள்வி.

பாத்தா ஒரு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா ரெண்டாக்கும். காலு கனம் வேற, தொடைக் குழி வேற. ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு டப்பாவுல போட்டிருக்கறதால தான் இந்த கொழப்பமே.

மொதல்ல உங்க கையாலயே ஒண்ணு பாத்துக்கிடுங்க. கடை விட்டு வந்ததும் உக்காந்து, முழங்காலுக்கு கீழ முன்பக்கத்து எலும்பு மேல கட்டைவிரலை வச்சு பத்து எண்ணுற வரைக்கும் நல்லா அழுத்திட்டு எடுங்க, பள்ளம் விழுந்து அப்படியே நின்னா அது நீர், அதாவது வீக்கம். தொடையில அதே மாதிரி அழுத்துனா பள்ளம் நிக்காது, ஆனா ரெண்டு கையாலயும் தோலை சேத்துப் பிடிச்சா குழி இன்னும் நல்லா தெரியும், அது தான் செல்லுலைட்.

நீர் ஏன் நிக்குதுன்னா, கால்ல இறங்குன ரத்தம் மேல ஏறணும், ஏத்தி விடுறது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அந்த சதை சுருங்கி ரத்தக்குழாயை அமுக்கும், ரத்தம் மேல போவும், கீழ திரும்பி வராம உள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கு, தெருவுல அடிக்கிற கைப்பம்பு மாதிரி தான். நடக்காம ஒரே எடத்துல பத்து மணி நேரம் நின்னா பம்பை அடிக்க ஆளில்ல, தண்ணி கீழயே தேங்குது, நாள்பட நாள்பட வால்வும் தளந்து போவுது, அது தான் வெரிகோஸ்ல (கால் ரத்தக்குழாய் புடைச்சு சுருண்டு கெடக்குறது) கொண்டு போய் விடுது.

வல்லாரைக்கு வேலை இருக்குறது இங்க தான். ஆசியாட்டிகோசைட், மேடகாசோசைட்னு (மடகாஸ்கர் தீவோட பேரு தான் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு) சில சத்து அந்த எலையில உண்டு, ரத்தக்குழாய் சுவர்ல இருக்குற நார்ச்சதையை கொஞ்சம் கட்டி வைக்குது, நீர் கசியறது கொறையுது. சிரை, அதாவது ரத்தத்தை மேல திருப்பிக் கொண்டு போற குழாய், அதுல ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவங்களுக்கு அந்த சத்தை மட்டும் பிரிச்செடுத்து ஒரு நாளைக்கு 60ல இருந்து 120 மில்லிகிராம் வரைக்கும் கொடுத்து பாத்திருக்காங்க, கணுக்கால் வீக்கமும் கனமும் கொறைஞ்சிருக்கு. 2013ல இந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேத்து பாத்தவங்களும் பலன் இருக்குற மாதிரி தான் தெரியுது, ஆனா ஆய்வுகள் அவ்வளவு கட்டுக்கோப்பா நடக்கலைன்னு எழுதியிருக்காங்க. நான் சித்தா படிச்சவ, வல்லாரையை விட்டுக்கொடுக்க மனசில்லாதவ, இருந்தாலும் இதுக்கு மேல கூட்டி சொன்னா பொய்யாயிடும்.

செல்லுலைட்டுக்கு வருவோம். அது கெட்ட ரத்தமோ தேங்குன கழிவோ ஒண்ணும் கெடையாது. தோலுக்கு அடியில கொழுப்பு இருக்கு, தோலை கீழ உள்ள சதையோட இழுத்துக் கட்டுற நார் இருக்கு. பொம்பளைங்களுக்கு அந்த நார் செங்குத்தா ஓடும், ஆம்பளைங்களுக்கு குறுக்கும் நெடுக்குமா வலை மாதிரி இருக்கும், அதனால நமக்கு கொழுப்பு மேல பிதுங்கும், நார் கட்டுன எடம் உள்ள இழுத்து குழியாவும், பஞ்சு மெத்தையில தையல் போட்ட எடம் மாதிரி. ஒல்லியா இருக்குறவங்களுக்கும் வரும், வயசுக்கு வந்த பொம்பளைங்கள்ல முக்காவாசிக்கு மேல இருக்கு, நோயே இல்ல. வல்லாரை போய் அந்த நாரை அறுக்காது. அந்த ஜெல்லுல பாத்தீங்கன்னா வல்லாரை கூடவே, காபியில இருக்குற கஃபீனும் இன்னும் பத்து சரக்கும் கலந்திருக்கும், தேச்சு தேச்சு தடவுறதுல கொஞ்ச நேரம் தோல் இறுகி வழுவழுன்னு தெரியும், பொறவு பழையபடி தான். தடவி அரிப்போ செவப்போ வந்தா அதோட நிறுத்திடுங்க. நடையும் படியேத்தமும் வச்சு தொடைச்சதை கட்டுச்சுன்னா பார்வைக்கு கொறையும், முழுசா போவாது.

செல்லுலைட்டிஸ்னு ஒண்ணு இருக்கு, பேரு தான் பக்கத்துல, அது கிருமி வந்து காலு செவந்து சூடாயி காய்ச்சல் அடிக்கிறது, அதுக்கு எலையை அரைச்சு பத்து போட்டுக்கிட்டு உக்காந்துராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. அதே மாதிரி ஒரு காலு மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைக்கால் வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அந்த நேரம் தைலத்தை எடுத்துக்கிட்டு ஆசான்கிட்ட (வர்ம வைத்தியர்) உழிச்சிலுக்கு, அதாவது எண்ணெய் போட்டு தடவி விடுறதுக்கு ஓடுறது ஆபத்து, நம்ம ஊர்ல இதை தான் மொதல்ல செய்வாங்க. ரெண்டு காலும் வீங்குதுன்னா பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுறீங்களான்னு பாருங்க, அந்த மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும். தைராய்டு, ரத்தசோகை, கிட்னி இதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா நிம்மதி.

இனி சாப்பிடுற விஷயம். எலையை சம்மந்தியாவோ (துவையல்) தொவரனாவோ (பொரியல்) வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் ஒரு கைப்பிடி சேத்துக்கிடுங்க, தாராளமா ஆவலாம், வல்லாரை உண்டாரோட மல்லாடாதேன்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா ஆய்வுல கொடுத்த அளவு சத்து சம்மந்தியில கெடைக்கும்னு நெனைக்காதீங்க, எடத்துக்கு எடம் எலையில சத்து மாறும். கேப்சூல் தான் வேணும்னா லேபிள்ல வெறும் எலைப்பொடியா, பிரிச்செடுத்த சத்தான்னு பாருங்க. பிரமின்னு மட்டும் போட்டிருந்தா வாங்காதீங்க, வடக்க வல்லாரையை பிரமிம்பாங்க, கேரளத்துல பிரமின்னா நீர்பிரமி, வேற செடி, அங்க வல்லாரைக்கு கொடங்கல்னு பேரு. ஆறு வாரத்துக்கு மேல தொடர்ந்து வேண்டாம், நடுவுல ரெண்டு வாரம் விடுங்க. 2005ல அர்ஜென்டினாவுல இருந்து வந்த ஒரு ரிப்போர்ட்ல மூணு பொம்பளைங்க, உடம்பு இளைக்கணும்னு வல்லாரை சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள மஞ்சள் காமாலை வந்து படுத்திருக்காங்க, நிறுத்துன பொறவு சரியாயிருக்கு. அதனால ஈரல் கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிங்க தொடவே வேண்டாம், சுகர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுக்குறவங்க கேக்காம எடுக்காதீங்க.

எனக்கு கேட்டா கேப்சூல் காசுக்கு சாக்ஸ் வாங்குவேன். வெரிகோஸ்க்குன்னு உள்ள இறுக்கமான சாக்ஸ், பாக்கெட்டுல 15-20, 20-30னு எவ்வளவு இறுக்கும்ங்கற அளவு போட்டிருக்கும், எது வேணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, காலையில வீக்கம் வர்றதுக்கு முன்ன அளவெடுத்து வாங்கணும், கட்டில்ல இருந்து இறங்குறதுக்கு முன்னயே மாட்டணும். சுகரோ கால்ல ரத்தக்குழாய் அடைப்போ இருந்தா கேக்காம போடக்கூடாது. கடையில கஸ்டமர் இல்லாத நேரம் குதியைத் தூக்கி தூக்கி எறக்குங்க, இருவது தடவை, சேலை மடிச்சுக்கிட்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. அப்புறம் உக்கார ஒரு ஸ்டூல் கேளுங்க. தயங்காதீங்க, ஜவுளிக்கடை பொம்பளைங்க போராடி 2018லயே கேரளத்துல அதுக்கு சட்டம் வந்தாச்சு, தமிழ்நாட்டுலயும் 2021ல வந்தது. ஸ்டூலை வாங்கி ஸ்டாக் ரூம்ல அடுக்கி வச்சிருக்குற மொதலாளியும் இருக்காங்க, தெரியும்.

கடைசியா, தொட்டியில வளருமான்னு கேட்டிருந்தீங்க, வளரும். வேர் விட்ட கணு ஒண்ணு போதும், அரை நெழல், மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணும். நர்சரியில வல்லாரைன்னு ஒண்ணு தருவாங்க, வாங்குறதுக்கு முன்ன எலையை திருப்பிப் பாருங்க, காம்பு எலைக்கு நடுவுல குடை மாதிரி சேர்ந்திருந்தா அது அழகுச்செடி, நம்மது இல்ல. நம்ம வல்லாரையில காம்பு சேர்ற எடத்துல எலை பிளந்து மூளை மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் சின்னச் சின்ன பல்லு. எங்க மாமியார் குளியலறைத் தண்ணி போற ஓடையில நட்டு வச்சிருந்தாங்க, செழிச்சு தான் கெடந்துச்சு, ஆனா மண்ணுல உள்ள ஈயம் மாதிரி உலோகத்தை எல்லாம் உறிஞ்சி எலையில வைக்கிற செடி இது, அதனால அதை நாங்க பறிக்கறதில்ல. நீங்க கிணத்தடியில வைங்க.