அவசர சிகிச்சைப் பிரிவு பிஜி டாக்டர்களுக்கு ஸ்கேன் கற்றுக்கொடுப்பதில் எது கடினம்?

உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் முனையை, அதாவது புரோபை, பிடிக்கக் கற்றுக்கொடுப்பது கடினமில்லை. தினமும் செய்தால் கை தானாகப் பழகிவிடும். "இந்த ஸ்கேனை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை" என்று ஒரு பிஜியை, அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டரை, சொல்லவைப்பதுதான் கடினம். கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் என் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

மருத்துவர் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். விபத்தில் அடிபட்டு வருபவருக்குப் படுக்கையிலேயே நாங்கள் செய்வது ஈ-ஃபாஸ்ட் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ரேடியாலஜி டாக்டரைப் போல ஒவ்வோர் உறுப்பையும் அளந்து ரிப்போர்ட் எழுதுவது எங்கள் வேலை அல்ல. வயிற்றுக்குள்ளோ இதயத்தைச் சுற்றியோ ரத்தம் தேங்கியிருக்கிறதா, நெஞ்சுக்குள் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. சில நிமிட வேலை. இதற்கு ஆம், இல்லை என்று இரண்டு பதில்கள்தான் என்று புதிதாகச் சேரும் பிஜி நினைத்துக்கொள்கிறார். "சரியாகப் பார்க்க முடியவில்லை" என்பது மூன்றாவது பதில்.

வலது பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட மோரிசன் பவுச்சைத் திரையின் நடுவில் அழகாகக் கொண்டுவருவார்கள். தேங்கிய ரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும். கறுப்பு எதுவும் இல்லை, நெகட்டிவ் சார் என்று புரோபை எடுத்துவிடுவார்கள். ஆனால் ரத்தம் கொஞ்சமாக இருந்தால் பல நேரம் முதலில் தெரிவது கல்லீரலின் கீழ்நுனியைச் சுற்றித்தான். அந்த நுனியைக் காட்டாதவரை நெகட்டிவ் என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. இடது பக்கம் இன்னும் சிரமம். மண்ணீரல் மேலேயும் பின்னாலேயும் இருப்பதால் புரோப் பிடித்த கையின் விரல் முட்டிகள் படுக்கையில் உரச வேண்டும். அங்கே மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் பார்க்காமல், சிறுநீரகத்தின் அருகே மட்டும் தேடுகிறவர்கள் அதிகம். அடிவயிற்றைப் பார்க்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். கதீட்டர் குழாய் போட்டுச் சிறுநீரை வடித்த பிறகு பார்த்துவிட்டு நெகட்டிவ் என்றால் அது பதிலே அல்ல. உறைந்த ரத்தம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் பக்கத்துத் திசுவோடு கலந்து தெரியும். இடுப்பெலும்பு முறிந்து வயிற்றறைக்குப் பின்னால் கசிகிற ரத்தமோ இந்த ஸ்கேனில் சிக்காது.

அதனால் ஜெல் தடவுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன்: என்ன தேடுகிறாய்? இருந்தால் என்ன செய்வாய்? இல்லையென்றால்? பிபி விழுந்துகொண்டிருக்கும்போது வயிற்றில் ரத்தம் தெரிந்தால் சர்ஜனை எழுப்பி, பேஷண்டை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளுவோம். பிபி நிலையாக இருந்தால் பெரும்பாலும் சிடி ஸ்கேன்.

எத்தனை ஸ்கேன் செய்தால் போதும் என்றும் கேட்பார்கள். அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒவ்வொரு வகைக்கும் 25 முதல் 50 வரை என்கிறது. பிஜிக்கள் அதைப் பிடித்துக்கொண்டு, செய்த ஸ்கேன்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கை நிரப்புவார்கள். 25-உம் நார்மல் வயிறாகவே அமைந்துவிட்டால், நீரையே பார்க்காமல் ஒருவர் தேறிவிடலாம் அல்லவா? நான் அவர்களை மெடிசின் வார்டுக்கு அனுப்புவேன். அங்கே கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள் இருப்பார்கள். அனுமதி கேட்டுப் பார்த்தால், திரையில் நீர் எப்படித் தெரியும் என்பது ஒரு மாலையில் புரிந்துவிடும். ஸ்கேனில் பார்த்தபடியே ரத்தக்குழாயில் ஊசி போடும் பயிற்சிக்குச் சைனா கிராஸ் காய்ச்சி, இசப்கோல் கலந்து, தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயை உள்ளே வைத்து உறையவிட்டாலே போதும். விலைகொடுத்து வாங்கும் மாடலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதயம் நின்றுபோன பேஷண்டிடம் மட்டும் நான் கறார். நெஞ்சை அழுத்துவதை நாடி பார்க்க நிறுத்தும் 10 வினாடிக்குள் இதயத்தைப் படம் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் செய்கிறவர்கள் திரையிலேயே லயித்துப்போய் அந்த இடைவெளியை நீட்டிவிடுகிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன. நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே புரோபை இடத்தில் வைத்துவிட வேண்டும். இன்னொருவர் சத்தமாக எண்ணுவார். ஸ்கேனைச் சிறு வீடியோ கிளிப்பாகப் பதிவுசெய்துகொண்டு, அழுத்தம் மறுபடி தொடங்கிய பிறகுதான் அதைப் போட்டுப் பார்த்து யோசிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டு பிசிபிஎன்டிடி சட்டப்படி ஸ்கேன் மெஷின்கள் பதிவாகியிருக்க வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்தால் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். பையில் அடங்கும் சின்னக் கருவியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகலாமா என்று வருடா வருடம் ஒருவராவது கேட்கிறார். கூடாது, அப்புறம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

புதிதாகத் தொடங்கும் துறைகளுக்கு: கிளிப் சேமிக்க வசதியுள்ள மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து பழைய கிளிப்களைப் போட்டுப் பாருங்கள். நான் முதலில் எடுப்பது நெகட்டிவ் என்று எழுதியவற்றைத்தான். கல்லீரல் நுனி தெரிகிறதா என்று கேட்டால் அறையில் பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.