இளநிலை உயிரியல் படிப்புக்கு நிதி கொடுத்தால் கிராமச் சுகாதாரம் மேம்படுமா?

மேம்படும், ஆனால் பணம் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும், கட்டடத்துக்கு அல்ல.

கொசுப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். பார்த்ததும் மலேரியாவுக்கு அஞ்சுவதா, டெங்குவுக்கா என்பது புரிந்துவிடும். ஏடிஸ் என்றால் வீட்டுத் தொட்டிகளையும் குடங்களையும் மூடச் சொல்ல வேண்டும்; தெருவெங்கும் புகையடிப்பதைவிட அதுவே பலன் தரும். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை, விலங்கியல் மாணவரே போதும். ஆய்வுக்கூடத்தில் புழுவை நேரில் பார்க்காமல், படத்தை மட்டும் வரைந்து தேறியவரால் முடியாது என்பதுதான் சிக்கல்.

இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2008 முதல் ஸ்டார் கல்லூரித் திட்டத்தின் மூலம் இளநிலை அறிவியல் ஆய்வுக்கூடங்களுக்கு உதவுகிறது. விண்ணப்பித்துப் பெறும் நிதியாயிற்றே, திட்ட அறிக்கை எழுதத் தெரிந்த கல்லூரிகளே முந்திக்கொள்ளும் என்பது என் கணிப்பு. கிராமப்புறக் கல்லூரிகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.