எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு கட்டம் 2 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் ஆக்சான்களை, அதாவது நரம்பணுக்களின் நீண்ட இழைகளை, அது எப்படி அளக்கிறது? அந்த எண்ணை நம்பலாமா?

எம்.ஆர்.ஐ. ஆக்சானைப் பார்ப்பதே இல்லை, தண்ணீரைத்தான் பார்க்கிறது. உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

உடல் வெப்பத்தில், தடையில்லாத நீரில் ஒரு மூலக்கூறு 50 மில்லிநொடிக்குள் ஒரு திசையில் ஏறத்தாழ 17 மைக்ரான் விலகிவிடும். மூளைத் திசுவில் அவ்வளவு தூரம் போக வழியில்லை. ஆக்சானின் நெடுக்கில் ஓடலாம். குறுக்கே போனால் சவ்வும், இழையைச் சுற்றியுள்ள மையலின் என்ற கொழுப்பு உறையும் மறிக்கும். பெரும்பாலான ஆக்சான்களின் விட்டம் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள்தான். கட்டம் எவ்வளவு பெரியதானாலும், அதற்குள் அலைகிற நீர் அந்தச் சிறு தடைகளில் மோதித்தான் திரும்புகிறது. காந்தப்புலச் சரிவின் (இடத்துக்கு இடம் காந்தப்புலம் மாறும் அளவின்) திசையையும் வலிமையையும் மாற்றி மாற்றி, சமிக்ஞை எவ்வளவு தேய்கிறது என்று பதிவுசெய்கிறோம். அந்தத் திசையில் நீர் அதிகம் நகர்ந்தால் சமிக்ஞையும் அதிகம் தேயும். 1965இல் ஸ்டெஸ்காலும் டேனரும் வகுத்த வழி இது.

1994இல் பேசர், மட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் தந்த டென்சர் முறை, அந்தத் தேய்வு முழுவதையும் ஒரே நீள்வட்டத் திண்மமாகச் சுருக்கிவிடுகிறது. அதிலிருந்து வரும் எஃப்.ஏ. என்ற எண், நீரின் பரவல் எவ்வளவு தூரம் ஒரே திசையைச் சார்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது குறைந்தால் நரம்பிழை கெட்டுவிட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிற பழக்கம். இரண்டு கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்று அழிந்தால், மிஞ்சிய கற்றையின் திசையே மேலோங்கி எஃப்.ஏ. கூடும்! தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகளிடம் இதையே 2011இல் கண்டு வெளியிட்டார்கள்.

இந்தக் குறைக்காகத்தான் திசுவின் அமைப்பைக் கணக்கால் விவரிக்கும் மாதிரிகள் வந்தன. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் உருவாகி 2012இல் வெளியான நோடி (NODDI) என்ற மாதிரி, கட்டத்திலுள்ள நீரை மூன்றாகப் பிரிக்கிறது: நரம்பிழைக்குள் இருப்பது, அதற்கு வெளியே இருப்பது, தடையற்ற திரவம். இழைகள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதையும் தனியாகச் சொல்கிறது. ஆனால் இழையின் நெடுக்கில் நீர் பரவும் வேகத்தை அது அளப்பதில்லை. உள்ளேயும் வெளியேயும் மில்லிநொடிக்கு 1.7 சதுர மைக்ரான் என்று முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது.

அந்தக் கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று நானே செய்து பார்த்தேன். நரம்பிழைக்குள் இருக்கும் நீர் 60 சதவீதம் என்று வைத்து, கணினியில் ஒரு சமிக்ஞையை உருவாக்கினேன். வேகங்களையும் கண்டுபிடிக்கச் சொல்லி, இரண்டு வெவ்வேறு தொடக்க ஊகங்களிலிருந்து மாதிரியை அதனுடன் பொருத்தினேன். ஒரு விடை 60ஐ ஒட்டி நின்றது. மற்றொன்று வெகுதூரத்தில் நின்றது. அதில் உள்ளே, வெளியே உள்ள வேகங்களின் வரிசை தலைகீழாகியிருந்தது. இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இரைச்சலுக்குள் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. விடை எனக்குத் தெரிந்திருந்ததால்தான் தவறு தெரிந்தது. நோயாளியின் மூளையில் அந்த வசதி கிடையாது.

அதனால் நோடி தரும் எண்ணை, ஒரே கருவியில் ஒரே முறையில் எடுத்த படங்களுக்கிடையே ஒப்பிட நம்புகிறேன். ஒருவரின் மூளையில் இத்தனை சதவீதம் ஆக்சான் என்று சொல்ல நம்பமாட்டேன். நோயால் பரவல் வேகமே மாறியிருந்தால், அந்த மாற்றமும் நரம்பிழைகளின் அடர்த்தி மாற்றமாக வேடமிட்டு வரும்.

பி-மதிப்பு என்பது, பரவலால் சமிக்ஞையைத் தேய்க்க எவ்வளவு வலுவாக அமைத்தோம் என்பதைச் சொல்லும் எண். உங்கள் தரவில் சுழியைத் தவிர ஒரே ஒரு பி-மதிப்புதான் இருக்கிறதென்றால் நோடியை ஓட்ட வேண்டாம். பகுதிகளைப் பிரித்தறியக் குறைந்தது இரண்டு பி-மதிப்புகள் வேண்டும்.