பன்னிரண்டு எல்இடி வளர்ப்பு விளக்குக்கு ஒரே டிம்மர் போதுமா?

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் வீட்டு மாடி அறையில் சாலட் இலையான லெட்யூஸும், இளம் நாற்றாகவே அறுக்கும் மைக்ரோகிரீன்ஸும் வளர்க்கிறேன். மூன்று ரேக், ரேக்குக்கு நான்கு தட்டு, தட்டுக்கு ஒன்றாக 100 வாட் வெள்ளை எல்இடி விளக்கு, மொத்தம் 12. முதலில் வாங்கிய 8 விளக்கும் ஒரே ரகம், பிறகு வாங்கிய 4 வேறு கம்பெனி. முழு வெளிச்சத்தில் லெட்யூஸின் உள் இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. வெளிச்சத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போட்டுப் பார்த்தேன், மினுமினுத்தது, ஒரு விளக்கின் டிரைவர் (எல்இடிக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது. மொபைல் ஆப்பில் இயங்கும் கன்ட்ரோலர் வாங்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள், இன்னொரு டிரைவரையும் இழக்க வேண்டாம். பல ஃபேன் ரெகுலேட்டர்கள் செய்வது 230 வோல்ட் அலையில் ஒரு பகுதியை வெட்டி அனுப்புவது. ஃபேனுக்கு அது சரி. உங்கள் விளக்கில் இருக்கும் டிரைவரோ, உள்ளே வரும் கரண்ட் எப்படி இருந்தாலும் எல்இடிக்குப் போகும் கரண்டைச் சீராக வைத்திருக்கவே செய்யப்பட்டது. நீங்கள் வெட்ட வெட்ட அது மீதியை இன்னும் வேகமாக இழுக்கும், அந்த இழுபறிதான் நீங்கள் பார்த்த மினுமினுப்பு. அதிலேயே சூடேறிப் போய்விடும்.

கன்ட்ரோலரைக் கடைசியாக வாங்குங்கள் என்பதுதான் என் முக்கியமான பேச்சு. எல்லாரும் முதலில் கன்ட்ரோலரை வாங்கிவிட்டு அப்புறம் விளக்கோடு பொருத்தப் பார்க்கிறார்கள். முதலில் டிரைவரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். டிம் பிளஸ், டிம் மைனஸ் என்று இரண்டு மெல்லிய வயர் தனியாக வருகிறதா, 0-10 வோல்ட் அல்லது 1-10 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு வயரோ அதற்கான சாக்கெட்டோ இல்லாத டிரைவரை எவ்வளவு விலையுள்ள 0-10 வோல்ட் கன்ட்ரோலராலும் டிம் செய்ய (வெளிச்சத்தைக் குறைக்க) முடியாது. உதாரணத்துக்கு மீன்வெல் கம்பெனியின் ஹெச்எல்ஜி டிரைவர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் பி என்று முடிந்தால் வெளியிலிருந்து டிம் செய்யலாம், ஏ என்று முடிந்தால் டிரைவர் மேலேயே ரப்பர் மூடிக்குக் கீழே திருகும் ஸ்க்ரூதான், ஏபி என்றால் இரண்டும் உண்டு. பி ரகத்தில் டிம் பிளஸ் நீல வயர், டிம் மைனஸ் வெள்ளை வயர். இன்னொரு முனையில் கரண்ட் உள்ளே வரும் நியூட்ரலும் நீலம்தான், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தே கை வையுங்கள்.

இந்த டிம் வயர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெரும்பாலான டிரைவர்களில் அந்த வயரில் சின்ன கரண்டை அனுப்புவது டிரைவர்தான், கன்ட்ரோலர் அல்ல. கன்ட்ரோலர் அதை உள்வாங்கி வோல்ட்டை இறக்கிக் காட்டுகிறது. 10 வோல்ட் இருந்தால் முழு வெளிச்சம், 5 என்றால் சுமார் பாதி. டிம் வயரை எதிலும் இணைக்காமல் விட்டால் விளக்கு முழுதாக எரியும், பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாகத் தொடவைத்தால் அடிமட்டத்துக்கு இறங்கும். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து, டிம் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏசி வோல்ட் ஏதும் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். மலிவான சில டிரைவர்களில் டிம் வயர் மெயின் கரண்டிலிருந்து பிரிக்கப்படாமலே இருக்கும். அந்த மாதிரி டிரைவர்களின் டிம் வயர்களை ஒன்றாக முறுக்கினால், அதுவும் உங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் இருந்து ரேக்குகள் வேறு வேறு ஃபேஸில் ஓடினால், வெடிக்கும், ஆளுக்கும் ஆபத்து. புதிதாக வந்த 4 விளக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம், முதலில் அவற்றைப் பாருங்கள்.

சரி, முதல் 8 விளக்குக்கு வருவோம். எல்லாம் ஒரே ரகம் என்பதால் எட்டின் டிம் பிளஸ்ஸை ஒன்றாகவும் மைனஸை ஒன்றாகவும் சேர்த்து ஒரே குமிழில் கட்டுப்படுத்தலாம். இந்த மாதிரி டிரைவர் ஒன்று பொதுவாக 100 மைக்ரோஆம்பியர் அனுப்பும், அதனால் 10 வோல்ட் வர ஒரு டிரைவருக்கு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழைத் திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) வேண்டும். எட்டு சேர்ந்தால் 100-ஐ எட்டால் வகுக்க வேண்டும், 12.5 கிலோ ஓம். பலர் 100 கிலோ ஓம் குமிழையே எட்டுக்கும் போட்டுவிட்டு, லேசாகத் தொட்டாலே முழு வெளிச்சம் வந்துவிடுகிறது என்று புலம்புவார்கள். குமிழின் முதல் எட்டில் ஒரு பங்கு சுற்றிலேயே வேலை முடிந்துவிடுகிறது, மீதிச் சுற்று எல்லாம் வீண். கடையில் 12.5 கிடைக்காது, 10 கிலோ ஓம் கிடைக்கும். அதைப் போட்டால் உச்சம் 8 வோல்ட், அதாவது சுமார் 80 சதவீதத்தில் நிற்கும். இலை கருகுகிற உங்களுக்கு அந்த 80 உச்சவரம்பு நல்லதே. 100-ஐ ஒட்டிப் போக வேண்டும் என்றால் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையாகச் சேர்க்கலாம், அப்போது உச்சம் 97 சதவீதம் வரை போகும், ஆனால் அடிமட்டமும் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை இது. உங்கள் டிரைவர் 100 மைக்ரோஆம்பியர்தான் அனுப்புகிறதா என்று அதன் டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத்தாள்) பார்த்துக்கொள்ளுங்கள், வேறு அளவு இருந்தால் கணக்கும் மாறும்.

ரெடிமேட் கன்ட்ரோலர்தான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது எத்தனை விளக்கு தாங்கும் என்பதை அல்ல, டிம் வயரில் எத்தனை மில்லிஆம்பியர் உள்வாங்கும் என்பதை. 100 மைக்ரோஆம்பியர் டிரைவர் 12 என்றால் 1.2 மில்லிஆம்பியர்தான், ஆனால் ஒரு டிரைவரே 2 மில்லிஆம்பியர் வரை அனுப்பும் ரகங்களும் உண்டு, அப்போது 24 ஆகிவிடும். கரண்டை உள்வாங்கத் தெரியாத கன்ட்ரோலரைக் கட்டினால் விளக்கு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. நீங்களே ஆர்டுயினோ மாதிரி புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டை வைத்துச் செய்யப் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேராக டிம் வயரில் கொடுத்தால் பாதி வெளிச்சத்துக்கு மேல் ஏறாது, இஎஸ்பி32 போர்டின் 3.3 வோல்ட் மூன்றில் ஒரு பங்குதான் தரும், நடுவில் 0-10 வோல்ட்டாக மாற்றும் மாட்யூல் போட வேண்டும்.

ஆப் கன்ட்ரோலரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் அளவுக்கு அவசியம் இல்லை என்கிறேன். வாங்குவதானால் ஒன்றைச் சோதித்து வாங்குங்கள்: கரண்ட் போய் வந்த பிறகு, வைஃபை வராமலே, அதற்கு மணி நினைவிருக்கிறதா? உள்ளே பேட்டரியோடு கடிகாரம் இல்லாவிட்டால் நள்ளிரவில் கரண்ட் வந்ததும் அது விடிந்துவிட்டது என்று நினைத்து விளக்கைப் போடும். காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும் சூரிய உதய வசதி என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். லெட்யூஸுக்கு அதனால் விளைச்சல் கூடும் என்று நான் நம்பவில்லை.

விளக்கை அணைக்கும் வேலையையும் டிம்மரிடம் கொடுக்காதீர்கள். பல டிரைவர்களில் டிம்மை பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். போடுவதும் அணைப்பதும் டைமரும் கான்டாக்டரும் (டைமர் சொன்னபடி பெரிய லோடைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளட்டும், கூட்டுவது குறைப்பது மட்டும் டிம் வயர். இப்படிப் பிரித்து வைத்தால் எங்காவது எலி டிம் வயரைக் கடித்துத் துண்டித்தாலும் அந்த விளக்கு முழு வெளிச்சத்தில் எரியுமே தவிர இரவில் தானாக எரியாது. டைமரில் 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி 12 விளக்கையும் நேராக அதில் மாட்ட வேண்டாம். 1200 வாட் என்றால் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான், ஆனால் போட்ட அந்த நொடியில் ஒவ்வொரு டிரைவரும் தன் வழக்கமான அளவைப் போல பல மடங்கு இழுக்கும், டைமருக்குள் இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) அந்த நொடி இழுப்பைத் தாங்கும் சி ரகமாக இருக்கட்டும், மூன்று ரேக்கையும் தனித்தனி லைனாகப் பிரித்து, கரண்ட் வந்ததும் சில நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

வயரிங்கில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாற்று அறையில் இடம் மிச்சமாகட்டும் என்று டிம் வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுத்துவிட்டேன். குறைந்த வெளிச்சத்தில் வைக்கும்போதெல்லாம் கடைசி ரேக் விளக்குகள் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தன, டிரைவரை மாற்றினேன், கன்ட்ரோலரை மாற்றினேன், கடைசியில் டிம் வயரைத் தனியாக வெளியே எடுத்ததும் நின்றது. இரண்டு நாள் வீண். நீங்கள் முதலிலேயே முறுக்கிய ஜோடி வயரில் தனியாக இழுத்துவிடுங்கள். சேர்க்கும்போது பிளஸ் மைனஸ் ஒரே ஒரு டிரைவரில் மாறிப்போனாலும் மொத்த வரிசையும் ஒழுங்காக நடக்காது. அந்த 4 புது விளக்கில் டெலிபோன் பின் மாதிரி சாக்கெட் இருந்தால், கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே பின் வரிசை வேறு, கேபிள் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள்.

இனி இலைக் கருகலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். கருகிய ஓரம் வெளி இலையில் இல்லாமல் நடுக் குருத்தைச் சுற்றியுள்ள இளம் இலையில் இருக்கிறது என்றால் அது வெயில் காயம் மாதிரியானது அல்ல. வெளிச்சம் கூடி செடி வேகமாக வளர்கிறது, குருத்துக்குள் காற்று ஓடாததால் அந்த இலை நீராவியை விடுவதில்லை, நீரோடு போக வேண்டிய கால்சியம் அங்கே போய்ச் சேரவில்லை. லெட்யூஸுக்கு ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 12 முதல் 17 மோல் (ஒரு நாளில் செடி மேல் விழும் மொத்த வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் போதும், 17-ஐ ஒட்டிப் போவதானால் மேலிருந்து செடியின் மேல் காற்று விழ வேண்டும். கணக்கு எளிது: மைக்ரோமோல் அளவை (ஒரு நொடியில் சதுர மீட்டருக்கு விழும் வெளிச்சம்) மணி நேரத்தால் பெருக்கி 0.0036-ஆல் பெருக்குங்கள். 220 மைக்ரோமோல், 16 மணி நேரம் என்றால் 12.7 மோல். மைக்ரோமோலை அளக்கும் தனி மீட்டர் விலை கூடுதல், உங்களுடையது வெள்ளை விளக்கு என்பதால் சாதாரண லக்ஸ் மீட்டரே போதும், லக்ஸை 67-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மைக்ரோமோல் வரும். 15,000 லக்ஸ் என்றால் சுமார் 224. ஊதா நிற விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. மீட்டரை இலை உயரத்தில் வைத்து நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து சராசரி எடுங்கள், குமிழில் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். குமிழின் சதவீதத்தை நம்ப வேண்டாம், ஒரே 6 வோல்ட்டுக்கு உங்கள் பழைய 8 ஒரு வெளிச்சமும் புது 4 வேறு வெளிச்சமும் தரும்.

அதனால்தான் 12-க்கும் ஒரே குமிழ் வேண்டாம் என்கிறேன். ரேக்கு வாரியாகப் பிரிக்காமல் பயிர் வாரியாகப் பிரியுங்கள். ஒரே ரகமான 8 விளக்கின் கீழ் லெட்யூஸ், ஒரு குமிழ், 200 முதல் 220 மைக்ரோமோல். புது 4-க்குக் கீழே மைக்ரோகிரீன்ஸ், அதற்குத் தனி குமிழ், 120 மைக்ரோமோல் வைத்துத் தொடங்குங்கள், தண்டு நீண்டு சாய்ந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். கன்ட்ரோலராக வாங்கினால் இரண்டு சேனல் (தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வழி) உள்ளதாக வாங்குங்கள். லெட்யூஸ் ரேக்கில் ஒரு சின்ன ஃபேனையும் மாட்டிவிடுங்கள், வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் கருகல் குறையும், ஆனால் எடையும் குறையும்.

12 விளக்கும் சராசரியாக 70 சதவீதத்தில் ஓடினால் 360 வாட் மிச்சம், 16 மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 5.76 யூனிட், மாதம் 170 யூனிட்டுக்கு மேல். அத்தனை வாட்டும் அறைக்குள் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏசி வைத்திருந்தால் அதன் பில்லும் இறங்கும். எல்இடி குறைந்த கரண்டில் வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமும் தரும்.

இரண்டு ரக டிரைவரின் லேபிளையும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள், போன டிரைவரின் லேபிளும் வேண்டும். எத்தனை ஓம் குமிழ் வாங்குவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அதுவரை எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம். இப்போதைக்கு லெட்யூஸ் ரேக்கின் டைமரை 12 மணி நேரத்துக்குக் குறைத்து வையுங்கள், புதிதாக வரும் குருத்து கருகாமல் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.