பினாயிலும் மிதிபம்பும்

அன்புள்ள ஐயா,

போன மாதக் கட்டுரை ஒன்றில் "சுயதொழில் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வருகிறது" என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். என் அம்மா பன்னிரண்டு வருடம் ஒரு குழுவுக்கு ஊக்குநர். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அவர், வங்கி மேலாளருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியது முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அம்மாவின் குழுவுக்குப் பினாயில் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்துக் குழுவுக்கும் பினாயில்தான். அடுத்த ஊருக்கும் பினாயில். வாசலுக்குச் சாணி தெளிக்கிற ஊரில் அதை யாருக்கு விற்பது? கடைசியில் இருபது பேரும் ஒருவரிடம் ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரம் ஒரு வருடம் ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. கடனை அம்மா களை எடுக்கப் போய்த்தான் அடைத்தார்.

இரண்டு கேள்விகள். தொழிலை வைத்து ஒரு கிராமத்தின் வறுமை குறைந்த கதை உலகத்தில் எங்காவது உண்டா? அப்படியே இருந்தாலும், இல்லாதவர்களிடம் லாபம் வைத்து ஒரு பொருளை விற்பது சரியா? இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கொட்டாவியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தது சின்ன விஷயமில்லை. ஆனால் பினாயில் கதையைச் சும்மா விட மாட்டேன். ஒரு முழுக் கட்டுரையில் நான் சொல்லத் திணறியதை நீங்கள் ஏழெட்டு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

அந்தக் கதையில் கடன் வந்தது, பயிற்சி வந்தது, உழைக்க இருபது பேர் இருந்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. வாங்குகிற ஆள் எங்கே இருக்கிறார், அவரிடம் சரக்கை யார் கொண்டுபோவது, கடையில் ஏற்கெனவே உள்ள பாட்டிலோடு எப்படிப் போட்டி போடுவது என்று யோசிக்கிற வேலையையும் அந்தப் பெண்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எம்.பி.ஏ. படித்துச் சம்பளம் வாங்குகிறவர்களே விழி பிதுங்குகிற வேலை அது.

எங்காவது உண்டா என்றால், உண்டு. வங்கதேசத்தில். அந்த நாட்டின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் முகமது யூனுஸ், ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்க அவர் தொடங்கிய கிராமின் வங்கி என்று ஆரம்பிப்பார்கள். அவரிடம் அப்புறம் வருகிறேன். எனக்கு முதலில் ஒரு பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர், தினாஜ்பூர் பகுதி. மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் வெள்ளம். மழை நின்றால் வயல் காய்ந்து கிடக்கும். ஆனால் கொஞ்சம் ஆழம் போனாலே நிலத்தடியில் தண்ணீர் இருக்கும். அதை மேலே கொண்டுவர டீசல் எஞ்சின் வேண்டும், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. 1980-ஐ ஒட்டி, அங்கே லுத்தரன் தொண்டு அமைப்பு ஒன்றில் வேலை பார்த்த குன்னார் பார்ன்ஸ் என்ற நார்வேக்காரப் பொறியாளர் ஒரு மிதிபம்பை உருவாக்கினார். இரண்டு உருளைகள், இரண்டு மூங்கில் மிதிகள். ஏறி நின்று படியேறுவதுபோல மாறி மாறி மிதித்தால் தண்ணீர் கொட்டும். கை பலத்துக்குப் பதில் உடம்பின் எடையே வேலை செய்கிறது. நம் ஊரில் ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தவர்களின் வித்தையும் இதுதான்.

பம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல கருவிகள் எத்தனையோ அரசாங்க குடோன்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இதை ஊர் ஊராகப் பரப்பியது ஐ.டி.இ. என்ற அமைப்பு. அதைத் தொடங்கிய பால் போலக், அமெரிக்காவின் கொலராடோவில் இருபது வருடத்துக்கு மேல் மனநல மருத்துவராக இருந்தவர். (எதிரில் இருப்பவர் பேசுவதைக் கடைசிவரை கேட்பது வளர்ச்சித் துறையில் அபூர்வம். மனநல மருத்துவருக்கு அதுதான் பிழைப்பு.) பம்பு செய்ய 75 சிறு பட்டறைகள், விற்க இரண்டாயிரத்துக்கு மேல் கிராமத்துக் கடைக்காரர்கள், குழாய் இறக்க மூவாயிரம் பேர் என்று ஒரு வரிசையே உருவானது.

குழாய் இறக்குவதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வண்டல் மண் என்பதால் போர்வெல் வண்டி எதுவும் வேண்டாம். கீழே இருப்பவர்கள் மூங்கிலை நெம்பிக் குழாயைத் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். மேலே இருப்பவர் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறப்பார். அந்தக் கைதான் வால்வு. சேறு பொங்கிப் பொங்கி வெளியே வரும், குழாய் இறங்கிக்கொண்டே போகும்.

பம்பு, குழாய், கூலி எல்லாம் சேர்த்து விவசாயிக்கு ஆனது சுமார் 25 டாலர். விளம்பரத்துக்குப் பாட்டுக்காரர்களை அமர்த்தினார்கள், நாடகம் போட்டார்கள், ஒன்றரை மணி நேரச் சினிமாவே எடுத்து ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டினார்கள். நாமாக இருந்தால் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு முடித்திருப்போம். 2000-க்குள் தெற்காசியாவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது, அதில் பெரும்பகுதி வங்கதேசத்தில். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் அந்த வருடம் வெளியிட்ட ஆய்வின்படி, பம்பு வாங்கிய குடும்பத்துக்கு வருடத்துக்குச் சராசரியாக 100 டாலர் அளவுக்குக் கூடுதல் வருமானம். கோடையில் காய்கறி போட்டு, விலை இருக்கும்போது சந்தைக்குக் கொண்டுபோனதில் வந்த காசு.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. பட்டறைக்காரர், கடைக்காரர், குழாய் இறக்குகிறவர் மூவருக்கும் ஒவ்வொரு பம்பிலும் சில டாக்கா (வங்கதேசப் பணம்) நின்றது. அதனால்தான் வாஷர் தேய்ந்தால் மாற்றுவதற்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தது. இலவசமாகக் கொடுத்திருந்தால் கடைக்காரர் எதற்கு வாஷர் வாங்கி அடுக்கி வைக்கப்போகிறார்?

இதைப் படித்துவிட்டு யாரும் தர்மபுரிக்கு மிதிபம்பு கொண்டுவர வேண்டாம். ஏழு மீட்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீரை அது இழுக்காது. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற பூமியில் கால்தான் வலிக்கும்.

வங்கதேசத்திலும் அதற்கு வயதாகிவிட்டது. 1980-களின் இறுதியில் எஞ்சின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள், மலிவான சீன எஞ்சின்கள் வந்து குவிந்தன, பக்கத்து வயல்காரரிடம் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வது பழக்கமானது. மிதிப்பவர்கள் மெல்லக் குறைந்தார்கள். கிராமின் குழுமம் 1997-இல் தொடங்கிய கிராமத் தொலைபேசித் திட்டமும் அப்படித்தான். ஊருக்கு ஒரு பெண் கடனில் செல்போன் வாங்கி, நிமிடக் கணக்கில் காசு வாங்கிப் பேசவிட்டார். நன்றாகச் சம்பாதித்தார்கள். எல்லோர் கையிலும் போன் வந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. இவற்றைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கடைதான் நூறு வருடம் நடக்கிறது?

இன்னொரு கதை கோழி. என் சிறுவயதில் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பஞ்சாரம் காலியாகும். வெள்ளைக் கழிச்சல். காலையில் தலையைத் தொங்கப்போட்ட கோழி சாயங்காலம் இருக்காது. அம்மா மஞ்சளும் வெங்காயமும் அரைத்துப் புகட்டுவார், எதுவும் நிற்காது. அப்புறம் தெரு முழுக்க ஒரு வாரம் கோழிக்குழம்பு வாசம் வரும், அதற்கப்புறம் ஆறு மாதம் முட்டையே கிடையாது. (இந்த நோய்க்கு ராணிக்கெட் என்று நம் நாட்டு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.) தடுப்பூசி அப்போதே இருந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

1980-களில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு கையில் எடுத்தது சரியாக இந்த இடத்தை. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நிதிப் பொறுப்பில் இருந்த ஃபஸ்லே ஹசன் அபெத் 1972-இல் தொடங்கிய அமைப்பு அது. நிவாரணப் பணியாக ஆரம்பித்து, உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஆளுக்கு நாலு கோழி வாங்கக் கடன் கொடுத்துவிட்டு அவர்கள் வேலையை முடித்துக்கொள்ளவில்லை. கோழி ஏன் சாகிறது என்று பார்த்தார்கள். ஊருக்கு ஒரு பெண்ணுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்தை அரசு கால்நடைத் துறையிடம் வாங்கி, கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணத்துக்குப் போடுவது அவர் தொழில். நல்ல ரகக் கோழி வேண்டுமென்றால் ஒரு நாள் குஞ்சு வேண்டும், அதை வளர்ப்பது எல்லோருக்கும் கைவராது. ஆகவே குஞ்சுகளை இரண்டு மாதம் வளர்த்து விற்பதற்கென்றே சில பெண்கள். தீவனம் கலந்து விற்கச் சிலர், முட்டை சேகரித்துச் சந்தைக்குக் கொண்டுபோகச் சிலர். குஞ்சு போதவில்லை என்றதும் பிராக் தானே பொரிப்பகம் வைத்தது, அப்புறம் தீவன ஆலையும் வைத்தது.

முட்டைக்காகக் கோழி வளர்க்கிற பெண் இந்த வரிசையில் ஒரு கண்ணிதான். அவருக்கு முன்னும் பின்னும் இருக்கிற கண்ணிகளை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் அம்மாவின் குழுவுக்கு இது அமையவில்லை.

இப்போது யூனுஸ். சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில், 1976-இல், 42 பேருக்குத் தன் கையிலிருந்து 27 டாலர் கடன் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். 2006-இல் நோபல் அமைதிப் பரிசு. வட்டிக்காரரிடமிருந்து ஒருவரை மீட்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் சிறுகடன் வறுமையை ஒழித்துவிடும் என்ற பிரசாரத்தை, 2015-இல் ஆறு நாட்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்து அடக்கிவைத்தன. அதில் ஒன்று நம் ஹைதராபாத்தில் நடந்தது. கடன் சிலருக்குக் கொஞ்சம் உதவியது, ஏற்கெனவே தொழில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக உதவியது. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கையைப் புரட்டிப் போடவில்லை. களை எடுத்துக் கடன் அடைத்த உங்கள் அம்மாவுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

இலவசம் பற்றிய மீதிப் பதிலுக்கு வருகிறேன். மேலே சொன்ன கடன், கோழி, குழு எதிலும் சேர முடியாமல் விளிம்பிலேயே நின்றவர்கள் இருந்தார்கள். கணவர் இல்லாதவர், நிலம் இல்லாதவர், அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். தவணை கட்ட மாட்டார் என்று குழுவே அவரைச் சேர்க்காது. பிராக் 2002-இல் இவர்களுக்கென்று தனித் திட்டம் ஆரம்பித்தது. இங்கே கடன் இல்லை, விலை இல்லை. ஒரு மாடோ சில ஆடுகளோ சும்மா கொடுத்தார்கள். அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு தொகை, இரண்டு வருடம் வீடு தேடி வந்து பார்க்கிற ஒரு பணியாளர்.

வங்கதேசத்தின் 1,309 கிராமங்களில் இதை ஆராய்ந்தார்கள். கூலி வேலையையே நம்பியிருந்த பெண்கள் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள், வருமானம் கூடியது. அதே தரவுகளை வைத்து 2022-இல் வந்த இன்னோர் ஆய்வில்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம் இருந்தது. கையிலிருக்கும் சொத்து ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியவர்கள் தாமாகவே மேலே போனார்கள். மாடு கிடைத்த பிறகும் அந்த மட்டத்துக்குக் கீழேயே நின்றவர்கள் மெல்லப் பழைய நிலைக்கே சறுக்கினார்கள். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே மாதிரி உழைப்பு. மாட்டோடு ஒரு வண்டி, ஒரு கொட்டகை என்று சேர்த்து இருந்தவர் பிழைத்தார். இதைப் படித்த பிறகு "அவனுக்கும்தான் மாடு கொடுத்தாங்க, முன்னேறலையே" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

ஆக, பம்பை விற்றது சரி, மாட்டைச் சும்மா கொடுத்ததும் சரி என்பது என் கட்சி. அரை ஏக்கரும் இரண்டு கால்களும் உள்ளவர் 25 டாலரை ஒரே அறுவடையில் எடுத்துவிடுவார், அவரிடம் காசு வாங்கினால்தான் வாஷர் கடை பிழைக்கும். பாத்திரம் தேய்ப்பவரிடம் மாட்டுக்குத் தவணை கேட்டால் முதல் மாதமே மாட்டை விற்றுத்தான் கட்டுவார்.

லாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மேலே சொன்ன கடைக்காரர் லாபம் வேறு, 2010-இல் ஆந்திராவில் ஒரே பெண்ணுக்கு நாலு சிறுகடன் கம்பெனி கடன் கொடுத்து, வாரா வாரம் வாசலில் வந்து நின்ற லாபம் வேறு. அந்த வருடம் அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாங்குகிறவரின் வருமானம் கூடியதா என்பதை மட்டும்தான் நான் பார்ப்பேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அம்மாவின் குழுவில் யாராவது பினாயிலுக்குப் போகாமல் அதே கடனில் கறவை மாடு வாங்கினார்களா? காலையும் மாலையும் பால் ஊற்ற அப்போது ஊரில் சொசைட்டி இருந்ததா, மாட்டு டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருந்தார்? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். பன்னிரண்டு வருட வரவுசெலவு நோட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தால், அதைப் பார்க்க நானே பஸ் ஏறி வருகிறேன்.