மூன்றாம் சாங்ஷா போர்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷார் வசமிருந்த ஹாங்காங்கில் சண்டை நடக்கும்போது ஜப்பான் ஏன் சீனாவின் ஹூனான் தலைநகர் சாங்ஷா மேல் பாய்ந்தது?

பதில்: முதலில் சாங்ஷா இலக்கே இல்லை. ஹாங்காங்குக்கு உதவ சீனப்படை தெற்கே போய்விடாமல் பிடித்துவைக்கவே ஜப்பானின் 11-ஆம் படை 1941 டிசம்பர் 24-இல் சின்ச்சியாங் ஆற்றைக் கடந்தது. மறுநாளே ஹாங்காங் சரணடைந்துவிட்டது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அதன் தளபதி அனாமி கொரெச்சிகா 29-ஆம் தேதி சாங்ஷாவைப் பிடிக்க உத்தரவிட்டார். சாங்ஷாவுக்கு வடக்கே உள்ள மிலுவோ ஆறு வரைக்கும் என்று கணக்கிட்ட குண்டும் அரிசியும்தான் கையில் இருந்தன. தோல்விக்கு வேர் இதுதான் என்பேன்.

கேள்வி: சீனத் தளபதி ஷுவே யுவேயின் 'உலை' உத்தி என்றால் என்ன சார்?

பதில்: எதிரியைத் தடுக்காமல் உள்ளே விடுவது. வழிநெடுக சாலைகளை வெட்டிப்போட்டார்கள், வயல்களில் நீர் தேக்கினார்கள், தானியத்தையும் மக்களையும் அப்புறப்படுத்தினார்கள். லாரியும் பீரங்கி வண்டியும் நகர முடியாது. சிப்பாய் முதுகில் சுமந்ததே மிச்சம். முன்னணிப் படைகள் இருபுறமும் மலைகளுக்கு ஒதுங்கிக்கொண்டு, எதிரி நகரை முட்டும்போது பக்கவாட்டிலும் பின்னாலும் மூடும். ஒரே நிபந்தனை: நகரம் சில நாளாவது தாங்க வேண்டும். தாங்காவிட்டால் உலைக்கு அடிப்பாகமே இல்லை.

கேள்வி: தாங்கியது யார்?

பதில்: லி யூடாங் தலைமையிலான சீனாவின் 10-ஆம் படை. ஜனவரி 1 முதல் தெருத்தெருவாக நின்றது. சியாங் ஆற்றின் மேற்குக் கரையில் யுவேலு மலை. அங்கிருந்த 150 மி.மீ. ஹோவிட்சர் பீரங்கிகள் கிழக்கே நகரை நெருங்கியவர்களை அடித்தன. கனரக பீரங்கி இல்லாமல் வந்த ஜப்பானியரால் ஆற்றுக்கு அப்பால் பதிலடி தர முடியவில்லை. கொல்லப்பட்ட ஒரு ஜப்பானிய மேஜரிடம் கிடைத்த ஆவணம் அவர்களுடைய குண்டுத் தட்டுப்பாட்டையும் காட்டிக்கொடுத்தது. ஜனவரி 4 இரவு பின்வாங்கினார்கள். வந்ததைவிடத் திரும்பியதுதான் கொடுமை: ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் மறிப்பு, காயம்பட்டோரைச் சுமந்தபடி நடை.

கேள்வி: ஜப்பானியருக்கு இழப்பு எவ்வளவு?

பதில்: ஜப்பான் கணக்கில் சுமார் 6,000, சீனா அறிவித்தது 50,000-க்கு மேல். சீனா சொன்ன எண் போர்க்காலப் பரப்புரை, அப்படியே எடுத்தாளாதீர்கள்.

கேள்வி: 1944-இல் அதே உத்தி ஏன் பலிக்கவில்லை அண்ணா?

பதில்: இம்முறை ஜப்பான் மிகப் பெரிய படையோடு சியாங்கின் இரு கரைகளிலும் இறங்கியது. யுவேலு மலையைக் காக்க, நகரைக் காத்த சீனத் தளபதி ஜாங் தெனெங் நகரப்படையை ஆறு கடத்த முயன்றார். படகுகள் போதவில்லை, படை குலைந்தது. ஜூன் 18-இல் மலையும் நகரமும் வீழ்ந்தன.