மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ஜாக்கெட்டா?

கேள்வி: மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். வீடு மன்னார்குடியில். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று வருஷம் முழுக்க பைக்கில்தான் அலைச்சல். கடையில் ஒரு ஜாக்கெட்டைக் காட்டி, "மழைத்தண்ணீர் இறங்காது, காற்றும் நன்றாக வரும், பன்னிரண்டு மாசமும் போடலாம்" என்கிறார்கள். விலை 14,000 ரூபாய். வாங்கலாமா சார்? ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைப்பதை நம்பலாமா?

பதில்: அந்த ஜாக்கெட் வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. அது குளிர் ஊர்களுக்கு ஏற்ற சரக்கு, நம் ஊருக்கு ஒத்துவராது.

தண்ணீரைத் தடுப்பது உள்ளே வைத்துத் தைத்திருக்கும் மெல்லிய சவ்வுதான். வியர்வையை ஆவியாக வெளியே விடும் என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினம் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும்போது வியர்வை எங்கே போகும்? மழையில் நனையாமல் வியர்வையில் நனைவீர்கள்.

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மார்பிலும் கையிலும் காற்றுக்காக வைத்திருக்கும் ஜிப்பைத் திறந்து விரலை உள்ளே விடுங்கள். விரல் உங்கள் சட்டையைத் தொட்டால் காற்றும் தொடும். வழுவழுவென்று ஒரு துணி குறுக்கே வந்தால் காற்றும் அதோடு நின்றுவிடும். பெரும்பாலான "பன்னிரண்டு மாச" ஜாக்கெட்டுகளின் கதை இதுதான்.

சவ்வைத் தனி லைனிங்காகக் கழற்றி மாட்டும் வகையும் உண்டு. அம்மாப்பேட்டை தாண்டி இரண்டு பக்கமும் வயலாக இருக்கும் இடத்தில் மழை பிடித்தால், நடுரோட்டில் ஜாக்கெட்டைக் கழற்றி, லைனிங்கை ஜிப் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். அதற்குள் தெப்பமாக நனைந்துவிடுவீர்கள். லைனிங் உள்ளே இருப்பதால் வெளித்துணி எப்படியும் தண்ணீர் குடித்துக் கனக்கும்.

ஆகவே இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். உடம்பைக் காக்க ஒரு மெஷ் ஜாக்கெட் (காற்று புகும் வலைத்துணி வைத்தது), அதற்கு மேலே போட ஒரு மழைச் சட்டை. மழைச் சட்டை ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். வாங்கும்போது உள்புறத்தைத் திருப்பி, தையல் மேலெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் இல்லாவிட்டால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். முன் ஜிப்பை மூடும் பட்டையும் கழுத்தை இறுக்கும் வசதியும் வேண்டும். ஓட்டும்போது தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி மடியில்தான் தேங்கும்.

மெஷ் ஜாக்கெட்டில் முழுக்க வலையாக இருப்பதை எடுக்காதீர்கள். தோளும் முழங்கையும் கெட்டித் துணியாக இருக்க வேண்டும். அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும், பைக் சறுக்கினால் முதலில் தேய்வது அந்த இடங்கள்தான். உள்ளே இருக்கும் ஆர்மரை, அதாவது விழும்போது அடி தாங்கும் பட்டைகளை, வெளியே எடுத்து முத்திரையைப் படியுங்கள். தோள், முழங்கைக்கு இஎன் (EN) 1621-1, முதுகுக்கு இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும். லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு தரம் உண்டு, இரண்டில் லெவல் 2 உசத்தி. டி பிளஸ் (T+) குறி இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்தது என்று அர்த்தம். சூட்டில் இளகும் சில வகை ஆர்மர் இருப்பதால் நம் சித்திரை வெயிலுக்கு இந்தக் குறி முக்கியம். முதுகில் பல கம்பெனிகள் வெறும் ஸ்பாஞ்சைத்தான் வைத்துத் தருகின்றன. அதைத் தூக்கிப்போட்டு முத்திரை உள்ளதாக ஒன்று தனியாக வாங்கிப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெஷ் ஜாக்கெட்டும் வண்டி ஓடினால்தான் குளிர்ச்சி தரும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் எந்த ஜாக்கெட்டும் வேகத்தான் செய்யும், ஜிப்பை இறக்கிவிட்டுக் காத்திருங்கள். நிறம் வெளிர் சாம்பலாக இருந்தால் வெயிலுக்கு நல்லது. மழைச் சட்டை மட்டும் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் இருக்கட்டும், அடைமழையில் எதிரே வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

அப்புறம் ஆன்லைன். நம்பலாம், ஆனால் முதல் ஜாக்கெட்டைக் கடையிலேயே வாங்குங்கள் என்பேன். போட்டுக்கொண்டு உங்கள் பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும். முழங்கை ஆர்மர் பக்கவாட்டில் திரும்பினால் சைஸ் பெரிது, விழும்போது அது இடத்தில் இருக்காது. இதை நின்றபடி கண்ணாடி பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கே வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். சைஸ் சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பது இந்தக் கணக்கில் வராது, அதற்குக் கடைக்காரர் மனசு வைக்க வேண்டும்.